வகை மாறும் திசுக்கள்

மனித உடலில் ஒவ்வொரு திசுவுக்கும் ஓர் இடமுண்டு, ஒரு தொழிலுண்டு. தோலில் இருக்க வேண்டியது தோலில் இருக்கிறது. குடலில் இருக்க வேண்டியது குடலில் இருக்கிறது. இந்த ஒழுங்கு மாறுவதுண்டா? உண்டு. நன்கு முதிர்ந்த ஒரு வகைத் திசு இருந்த இடத்தில், முதிர்ந்த வேறொரு வகைத் திசு வந்து அமர்ந்துவிடுவதுண்டு. இதனையே மருத்துவ நூலார் ‘மெட்டாபிளாசியா’ என்பர். இக்கட்டுரையில் அதனைத் ‘திசுவகை மாற்றம்’ என்று வழங்குவேன்.

“இது மருத்துவக் கல்லூரியார்க்குரிய பாடம் ஆயிற்றே! வரலாறும் வணிகவியலும் பயிலும் எங்களுக்கு எதற்கு?” என்று நண்பர்கள் சிலர் பக்கத்தைப் புரட்ட எண்ணலாம். சற்றுப் பொறுங்கள். ஓயாது புகைக்கும் அண்ணனுக்கும், அந்தி மயங்கினால் கண் தெரியாத குழந்தைக்கும், நெஞ்செரிச்சலால் உறக்கம் கெட்ட தந்தைக்கும், முப்பது வயதைக் கடந்த நம் தாய்மார்க்கும் இப்பாடத்தில் பங்குண்டு.

நான்கு சொற்கள்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு திசுவின் உயிரணுக்கள் எண்ணிக்கையில் மிகுவது ‘ஹைப்பர்பிளாசியா’, அதாவது மிகைப்பெருக்கம். ஒரு வகைத் திசு நீங்கி வேறு வகைத் திசு அவ்விடத்தில் அமைவது மெட்டாபிளாசியா, அதாவது வகைமாற்றம். உயிரணுக்களின் உருவும் அளவும் அடுக்கும் ஒழுங்கு குலைவது ‘டிஸ்பிளாசியா’, அதாவது சீர்குலைவு. உயிரணுக்கள் கட்டுப்பாட்டை முற்றும் உதறி, எல்லை கடந்து அயல் திசுக்களில் ஊடுருவுவது புற்று.

இந்நான்கும் ஒன்றல்ல. வகைமாற்றத்தில் புதிதாக வந்த உயிரணுக்கள் ஒழுங்கானவை, முதிர்ந்தவை, கட்டுக்கு அடங்கியவை. அவை இருக்கும் இடந்தான் புதிது. செருமானிய அறிஞர் ருடால்ஃப் விர்க்கோ 1884ஆம் ஆண்டிலேயே இப்பொருள் பற்றித் தனிக்கட்டுரை எழுதினார். உயிரணு நோயியலுக்கு அடிகோலியவர் அவர்.

இவ்வேறுபாட்டை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கரமனையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் தமிழ் பேசும் வீடுகள் பல. அவற்றுள் ஒரு வீட்டு அத்தை சென்ற ஆண்டு ஒருநாள் என்னை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். பீரோவில் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கருப்பை வாயிலிருந்து உயிரணுக்களை எடுத்துச் சோதித்த அறிக்கை அது. “நீ படிச்ச பிள்ளைதானே, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு. கேன்சரா?” என்று கேட்டார். அழற்சி உண்டு, தட்டைத் திசுவகை மாற்றம் உண்டு, புற்றின் அறிகுறி இல்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்தத் தாளை அவர் பதினைந்து நாள் ஒளித்து வைத்திருந்தார், கணவரிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் திரும்பிப் போகவில்லை. பொருள் தெரியாத ஒரு சொல் ஒரு மனுஷியைப் பதினைந்து இரவு உறங்கவிடாமல் செய்தது. அழற்சிக்கு மருந்து வேண்டும். ஆகவே மறுநாள் இருவருமாகவே மருத்துவரிடம் சென்றோம்.

மாறுவது யார்?

ஒரு தூண் வடிவ உயிரணு தன் உருவைக் களைந்து தட்டை உயிரணுவாக மாறிக்கொள்கிறது என்று பலர் எண்ணுவர். பெரும்பாலும் நிகழ்வது அதுவன்று. முதிர்ந்த உயிரணு தன் வகையிலேயே வாழ்ந்து தன் வகையிலேயே மடிகிறது. அதன் அடியில் குருத்தணுக்கள் என்று சில உண்டு. நாள்தோறும் உதிரும் உயிரணுக்களுக்கு ஈடாகப் புதியவற்றை ஈன்று தருபவை இவையே. சூழ்நிலை மாறும்போது இக்குருத்தணுக்களுக்கு வரும் வேதிக் கட்டளைகளும் மாறுகின்றன. உறங்கிக் கிடந்த மரபணுக்கள் சில விழிக்கின்றன. விழித்திருந்தவை சில உறங்குகின்றன. பின்னர்ப் பிறக்கும் தலைமுறை வேறு வகையாகப் பிறக்கிறது.

நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். என் தந்தையார் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகக் கரமனை வந்தவர். இத்தனை ஆண்டுகள் ஆகியும் அவர் பேசும் மலையாளத்தில் தென்காசித் தமிழே ஒலிக்கிறது. அவர் மாறவில்லை. இங்கே பிறந்த என் தம்பியோ மலையாளத்தில்தான் கணக்குப் போடுகிறான். கனவும் அம்மொழியிலேயே காண்கிறான் போலும்! மாறியது வந்தவர் அல்லர். வந்த இடத்தில் பிறந்தவர். திசுவிலும் அவ்வாறே. ஆனால் உவமையை இதற்குமேல் நீட்டக் கூடாது. மொழி ஒன்று கூடுவதால் மனிதனுக்கு இழப்பில்லை. திசுவகை மாறும்போதோ, உடல் ஒரு தொழிலை இழந்தே ஒரு பாதுகாப்பைப் பெறுகிறது.

புகையும் துடைப்பமும்

அந்த இழப்புக்கு எடுத்துக்காட்டு மூச்சுக்குழல். அதன் உட்புறத்தை மூடியிருப்பவை தூண் வடிவ உயிரணுக்கள். அவற்றின் தலையில் கண்ணுக்குத் தெரியாத குற்றிழைகள் உள்ளன. இடையிடையே கோழையைச் சுரக்கும் கோப்பை உயிரணுக்களும் உண்டு. காற்றோடு வரும் தூசியும் நுண்ணுயிரும் கோழையில் ஒட்டும். குற்றிழைகள் அலையலையாக அசைந்து அக்கோழையைத் தொண்டை நோக்கித் தள்ளும். இரவும் பகலும் ஓயாது கூட்டும் துடைப்பம் இது.

பீடி, சிகரெட்டுப் புகை ஆண்டுக்கணக்காக இவ்விடத்தைச் சுட்டால் என்ன ஆகும்? மெல்லிய இத்திசு அதனைத் தாங்காது. அதன் இடத்தில் அடுக்கடுக்கான தட்டை உயிரணுக்கள் அமைகின்றன. இவை முரடானவை, புகையை ஓரளவு தாங்கும். ஆனால் இவற்றுக்குக் குற்றிழையும் இல்லை. கோழை சுரக்கும் ஆற்றலும் இல்லை. வீடு உறுதியாயிற்று, துடைப்பம் போயிற்று! அழுக்கு தேங்குகிறது, நுண்ணுயிர் குடியேறுகிறது. புகைப்போர் காலையில் எழுந்தவுடன் இருமி இருமிக் கோழையை வெளியேற்றுவதற்கு இது ஒரு காரணம். குற்றிழை செய்ய வேண்டிய வேலையை இருமல் செய்கிறது.

புகை தொடர்ந்தால் இத்தட்டைத் திசுவே சீர்குலைந்து, சிலரிடம் நுரையீரல் புற்றாகவும் ஆகிறது. ஆனால் சீர்குலைவு தோன்றுமுன் புகையை அறவே விட்டால் குருத்தணுக்கள் மீண்டும் குற்றிழையுள்ள உயிரணுக்களை ஈனத் தொடங்கும். இந்த மீட்சியே திசுவகை மாற்றத்தின் தலையாய இயல்பு. காரணம் நீங்கினால் மாற்றமும் பெரும்பாலும் நீங்கும்.

கண்ணில் ஒரு வெண்திட்டு

புகையின்றி, ஒரு குறைபாட்டாலும் இம்மாற்றம் நேரும். வைட்டமின் ஏ குறைந்தால் உடலின் பல இடங்களில் ஈரமான மென்திசு நீங்கித் தோல் போன்ற தடித்த தட்டைத் திசு தோன்றுகிறது. அமெரிக்காவில் உல்பாக், ஹோ என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் எலிகளிடம் இதனை விளக்கிக் காட்டினர். மூச்சுக்குழல், உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீர்ப்பாதை, கண் ஆகிய எங்கும் இம்மாற்றத்தைக் கண்டனர். அந்நாளில் நம் நீலகிரிக் குன்னூரில் ஊட்ட ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மக்காரிசன், வைட்டமின் ஏ குறைந்த உணவால் எலிகளின் சிறுநீர்ப்பையில் கல் உண்டாவதைக் காட்டினார். குன்னூரில் தொடங்கிய அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறிற்று; இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

குழந்தைகளிடம் இது கண்ணில் வெளிப்படையாகத் தெரியும். முதலில் மாலைக்கண். பிறகு வெண்விழியை மூடிய மெல்லிய சவ்வு ஈரத்தை இழக்கிறது. கோப்பை உயிரணுக்கள் மறைகின்றன. நுரை படிந்தாற்போல் சாம்பல் கலந்த வெண்திட்டு தோன்றுகிறது. 1863இல் பிரெஞ்சு மருத்துவர் பித்தோ இதனை விவரித்ததால் ‘பித்தோ திட்டு’ எனப்படுகிறது. இந்நிலையைக் கவனியாது விட்டால் கருவிழி உலர்ந்து, புண்ணாகி, உருகிப் பார்வையே போகும்.

இது கண்ணோடு முடியும் செய்தியன்று. திருச்சிராப்பள்ளிப் பகுதியில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்தோரும் பிறரும் பள்ளி செல்லும் வயதை எட்டாத 15,419 குழந்தைகளை ஓராண்டு ஆராய்ந்தனர். ஒரு பகுதியினர்க்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ தரப்பட்டது. மற்றவர்க்கு அது தரப்படவில்லை. முடிவு 1990இல் வெளியாயிற்று. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது! இதற்குத் திசுவகை மாற்றம் தடுக்கப்பட்டது ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. நோயெதிர்ப்பு ஆற்றலிலும் இச்சத்துக்குப் பங்குண்டு. எனினும் மூச்சுக்குழலிலும் குடலிலும் உள்ள மென்திசுவே கிருமிகளுக்கு எதிரான முதற்காவல் என்பதை எண்ணிப் பாருங்கள். கண்ணில் திட்டு விழுந்த குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் காவல் தளர்ந்திருக்கும். இந்தியாவில் இதற்கெனத் தேசியத் தடுப்புத் திட்டம் 1970ஆம் ஆண்டு முதலே உள்ளது. முருங்கைக்கீரையும் பப்பாளியும் முட்டையும் மீனும் நம் அடுக்களைக்கு எட்டாதவை அல்ல.

எதிர்த்திசை மாற்றம்

மென்திசு முரட்டுத் திசுவாவதை இதுவரை கண்டோம். எதிர்த்திசையிலும் மாற்றம் நேரும். உணவுக்குழலின் உட்புறம் தட்டைத் திசுவால் ஆனது. உணவின் உராய்வைத் தாங்கவல்லது. ஆனால் அமிலத்தைத் தாங்காது. இரைப்பை அமிலம் ஆண்டுக்கணக்காக மேலேறிச் சுட்டால், சிலரிடம் அவ்விடத்தில் குடலைப் போன்ற தூண் வடிவத் திசு, கோப்பை உயிரணுக்களோடு அமைந்துவிடுகிறது. 1950இல் இந்நிலை பற்றி எழுதிய நார்மன் பாரெட்டின் பெயரால் இது ‘பாரெட் உணவுக்குழல்’ எனப்படுகிறது. குடலை உருவாக்கும் சி.டி.எக்ஸ்.2 என்னும் மரபணு, வேண்டாத இடத்தில் விழித்துக்கொள்வது இங்கே காணப்படுகிறது.

இரைப்பையிலும் குடல்வகை மாற்றம் நேர்வதுண்டு. அதன் முதற்காரணங்களுள் ஒன்று ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிர். அதனைக் கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகியோர் 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்விரண்டும் மூச்சுக்குழல் மாற்றத்தைப் போல எளிதில் மீள்வதில்லை. அமிலத்தை அடக்கினாலும் நுண்ணுயிரை ஒழித்தாலும் மாறிய திசு பெரும்பாலும் அப்படியே இருக்கக் கூடும். ஆயினும் நுண்ணுயிரை ஒழித்தால் இரைப்பைப் புற்றின் வாய்ப்புக் குறைகிறது. பாரெட் உணவுக்குழல் உடையோரிலும் மிகப் பலர்க்குப் புற்று வருவதே இல்லை. வரக்கூடிய சிலரைக் காலத்தில் கண்டுகொள்ளவே உள்நோக்கிக் கருவியால் அவ்வப்போது பார்த்துச் சிறு துணுக்கெடுத்துச் சோதிக்கின்றனர்.

இயற்கையே செய்யும் மாற்றம்

எல்லாத் திசுவகை மாற்றமும் நோயின் விளைவு என்று கருதிவிடலாகாது. பெண்களிடம் இயற்கையாகவே நிகழும் ஒன்று உண்டு. கருப்பை வாயின் வெளிப்புறம் தட்டைத் திசு. உட்புறம் தூண் வடிவத் திசு. இரண்டும் சந்திக்கும் எல்லை ஒன்றுண்டு. பூப்பெய்தும் பருவத்திலும் கருவுற்ற காலத்திலும் ஹார்மோன்களின் தூண்டுதலால் உட்புறத் திசு சற்று வெளியே வருகிறது. அங்குள்ள அமிலச் சூழலில் அத்திசு நிலைக்காது. குருத்தணுக்கள் தட்டைத் திசுவை ஈனத் தொடங்குகின்றன. இவ்வாறு மாறும் பகுதிக்கு ‘மாறுமண்டலம்’ என்று பெயர் தரலாம். அத்தையின் அறிக்கையில் இருந்த சொல் இதனையே குறித்தது. அது ஒரு வாழ்நாள் நிகழ்ச்சி, நோயன்று.

அப்படியானால் கவலை எதற்கு? மாறிக்கொண்டிருக்கும் இளந்திசு மிகவும் நொய்ந்தது. பாப்பிலோமா என்னும் வைரசின் தீய வகைகள் நிலைகொள்வது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். இவ்வைரசுக்கும் கருப்பை வாய்ப் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஹரால்டு சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். வைரசு தொற்றிய பெண்களுள் பெரும்பாலோர் ஓரிரண்டு ஆண்டுகளில் அதனைத் தாமே விலக்கிவிடுவர். சிலரிடம் அது நிலைத்துத் திசுவைச் சீர்குலைக்கிறது. சீர்குலைவு புற்றாவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கண்டுபிடிக்க இத்தனை கால அவகாசமும், தேட வேண்டிய இடத்தின் முகவரியும் தெரிந்த புற்றுநோய்கள் மிகச் சிலவே.

திண்டுக்கல் தந்த சான்று

அந்த முகவரியை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் சான்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வாய்வை முன்னின்று நடத்தியவர் டாக்டர் இரா. சங்கரநாராயணன். அவர் அப்போது பிரான்சில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தார். அதற்குமுன் இதே திருவனந்தபுரத்தில், 1981இல் தோன்றிய மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர். அம்பிளிக்கை கிறித்தவ ஐக்கிய சமுதாய நல மையமும், 1954இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவ்வாய்வில் பங்கேற்றன.

முறை மிக எளிது. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் வினிகரைத் தடவுவர். வினிகர் என்பது நீர் கலந்த அசெட்டிக் அமிலமே. ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் பார்ப்பர். சீர்குலைந்த உயிரணுக்களில் உட்கரு பெரிது, புரதம் மிகுதி. அமிலம் பட்டதும் அப்புரதம் உறைந்து, மாறுமண்டலத்தில் வெண்திட்டாகத் தோன்றும். முதிராத சாதாரணத் திசுவகை மாற்றமும் மங்கலாக வெளுப்பதுண்டு. ஆகவே வெண்மை கண்டவரெல்லாம் நோயாளர் அல்லர். அவர்களைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் மறுபடி சோதிப்பர். தேவைப்பட்டோர்க்குக் குளிரூட்டி அத்திசுவை அழிக்கும் சிகிச்சை தரப்பட்டது.

30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் 49,311 பேருக்கு இவ்வாய்ப்பு அளிக்கப்பட்டது. அவர்களுள் 31,343 பேர் சோதனைக்கு வந்தனர். 3,088 பேருக்கு வெண்மை காணப்பட்டது. ஒப்பிடுவதற்காக 30,958 பெண்கள் வழக்கமான மருத்துவ வசதியோடு விடப்பட்டனர். ஒரே ஒரு முறை செய்த சோதனையால் புற்று தோன்றுவது 25 விழுக்காடும், அதனால் வரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன என்று 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியாயிற்று. இது பெரு நகரத்து மருத்துவமனையில் அன்று, கிராமங்களில் கிடைத்த முடிவு.

அதன்பின் அறிவியல் மேலும் முன்னேறியுள்ளது. வைரசின் மரபுப்பொருளையே தேடும் சோதனையை முதன்மையாகக் கொள்ளுமாறு உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் பரிந்துரைத்தது. வைரசு தொற்றாமலே காக்கும் தடுப்பூசியும் உண்டு. இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட ஒன்றுக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது.

மருத்துவருக்குச் சொல்லும் செய்தி

இனித் தொகுத்து நோக்குவோம். திசுவகை மாற்றம் ஓர் எச்சரிக்கை, தீர்ப்பு அன்று. அதனைக் கண்ட மருத்துவர் மூன்று வினாக்களை எழுப்புவார். எதனால் வந்தது? காரணத்தை நீக்கினால் மீளுமா? மீளாதெனில் யார், எத்தனை காலத்துக்கு ஒருமுறை கவனிப்பது? மூச்சுக்குழலில் விடை புகையை விடுவது. கண்ணில் விடை ஊட்டம். உணவுக்குழலில் விடை தொடர்ந்த கண்காணிப்பு. கருப்பை வாயில் அம்மாற்றத்துக்கு மருத்துவமே வேண்டா. அவ்விடத்தைச் சோதிப்பதுதான் வேண்டும். சொல் ஒன்றே, செய்ய வேண்டுவது இடத்துக்கு இடம் வேறு.

இதில் நாம் செய்யும் பிழைகள் இரண்டு. அறிக்கையில் அச்சொல்லைக் கண்டதும் புற்றென்று நடுங்கி ஒளித்து வைப்பது ஒன்று. “ஒன்றுமில்லை” என்று காதில் விழுந்ததும் மறுசோதனைக்கே போகாதிருப்பது மற்றொன்று. அச்சமும் அலட்சியமும் பார்வைக்கு எதிரெதிர். ஆனால் இரண்டும் மருத்துவரின் வாயிலை மிதிக்கவிடா. நம்மைப் போல் ஊர்விட்டு வந்த குடும்பங்களில் இது இன்னும் கடினம். மருத்துவமனையில் மலையாளம், அறிக்கையில் ஆங்கிலம், கேட்க வேண்டியதோ கூச்சமான பொருள். நம் தாய்மார் எந்த மொழியில் கேட்பார்கள்? அந்த இடைவெளியில் நிற்கத்தக்கவர்கள் நாம்தாம். நமக்கு மூன்று மொழியும் தெரியும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, இவ்வாரம் வீட்டோடு பேசும்போது தேர்வையும் பணத்தையும் பற்றிப் பேசியபின் இன்னும் இரண்டு நிமிடம் பேசுங்கள். முப்பது வயது கடந்த பெண்கள் ஒருமுறையேனும் கருப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டார்களா என்று கேளுங்கள். ஆண்கள் கேட்கக் கூசினால் அக்காளிடமோ அண்ணியிடமோ சொல்லிக் கேட்கச் செய்யுங்கள். தங்கையர்க்குத் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் வினவச் சொல்லுங்கள். கரமனை, சாலை, கிள்ளிப்பாலம் பகுதிகளில் குடியிருப்போர்க்கு மருத்துவமனை ஒரு பேருந்துத் தொலைவில்தான் உள்ளது. மலையாளத்தில் பேசத் தயங்கும் தாய்மாருக்குத் துணையாக வர நான் ஆயத்தம். நம் சங்கத்துத் தோழியர் இன்னும் நால்வர் முன்வந்தால் முறை வைத்துச் செல்லலாம்.